மாயத்திரை (அத்தியாயம் 14): மின்னலை அணிந்தவர்கள்

சென்ற வாரம் கடோத்கஜனைப் பந்தியில் உட்கார வைத்ததோடு நிறுத்தியிருந்தேன். இடம் வடபழனி, விஜயா-வாகினி ஸ்டூடியோ. படம் கே.வி. ரெட்டியின் ‘மாயா பஜார்’. எதிரே மலைமலையாய்க் கல்யாணப் பலகாரம். எஸ்.வி. ரங்காராவ் வாயைத் திறக்கிறார். லட்டு தட்டைவிட்டு எழும்பி, காற்றில் மிதந்து, தானாகவே அவர் வாய்க்குள் போய் விழ வேண்டும். ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லியிடம் இருந்ததெல்லாம் கேமரா, கறுப்பு அட்டை, நூல், விளக்கு. கம்ப்யூட்டர் என்ற பேச்சே கோடம்பாக்கத்தை எட்டாத காலம். எப்படிப் பறந்தது லட்டு?

அன்றைய தந்திரக் காட்சிக்காரர்களுக்குத் தெரிந்த வழிகள் மூன்று நான்குதான். கேமராவை நிறுத்துவது, பொருளை இடம் மாற்றுவது, மறுபடி ஓட்டுவது. பாரிஸில் மெலியே 1896-லேயே ஒரு பெண்ணை நாற்காலியிலிருந்து மறைய வைத்தது இப்படித்தான் என்று நான்காம் அத்தியாயத்தில் பார்த்தோம். அடுத்தது, காட்சியைத் தலைகீழாக ஓட்டுவது. வாயருகே இருக்கும் லட்டை நூல் கட்டி வெளியே இழுத்துப் படமெடுத்து, பின்னிருந்து முன்னாக ஓடவிட்டால் அது பறந்து வந்து வாய்க்குள் புகும். சொல்லச் சுலபம். அப்படி எடுக்கும்போது நடிகர் மெல்லுவதையும் விழுங்குவதையும் கண் விரிவதையும்கூடத் தலைகீழ் வரிசையில் நடித்தாக வேண்டும். நூல் விளக்கில் மின்னிவிடக் கூடாது. பின்னணியில் புகை இருந்தால் அது மேலே போகாமல் கீழே இறங்கிக் காட்டிக் கொடுத்துவிடும்.

மாஸ்க் ஷாட் என்று கோடம்பாக்கம் சொல்லும் வித்தை இன்னும் கடினம். லென்ஸுக்கு முன்னால் கறுப்பு அட்டை வைத்து ஃப்ரேமின் ஒரு பகுதியை மறைத்து ஒரு முறை எடுப்பார்கள். பிறகு அதே பிலிமைக் கேமராவுக்குள்ளேயே பின்னோக்கிச் சுற்றி, மறைத்த பகுதியைத் திறந்து, எடுத்த பகுதியை மறைத்து, மறுபடி எடுப்பார்கள். இரண்டு முறையும் கேமரா மயிரிழைகூட அசைந்திருக்கக் கூடாது. வெளிச்சம் ஏறி இறங்கியிருக்கக் கூடாது. நடிகர் கண்ணுக்குத் தெரியாத அந்த எல்லைக் கோட்டைத் தாண்டியிருக்கக் கூடாது. தாண்டினால் அவருடைய கை பாதியில் காணாமல் போகும். சரியாக வந்ததா என்பது லேபில் பிலிமைக் கழுவிய பிறகே தெரியும். பிழை இருந்தால் மொத்தமும் முதலிலிருந்து. ‘மாயா பஜார்’ தெலுங்கிலும் தமிழிலும் எடுக்கப்பட்ட படம். தெலுங்கில் அபிமன்யு நாகேஸ்வர ராவ், தமிழில் ஜெமினி கணேசன். லக்‌ஷ்மண குமாரனாக அங்கே ரேலங்கி, இங்கே தங்கவேலு. ஆள் மாறிய காட்சிகளில் மாயத்தையும் இரண்டு முறை செய்தாக வேண்டியிருந்தது.

இந்த வித்தைகள் பார்ட்லிக்கு மட்டுமே தெரிந்த ரகசியங்கள் அல்ல. பம்பாயிலும் கல்கத்தாவிலும் பலருக்குத் தெரிந்தவை. பிறகு ஏன் அந்த விருந்து மட்டும் அறுபது எழுபது ஆண்டுகள் கழித்தும் சிட்னியில் நான் வசிக்கும் குவேக்கர்ஸ் ஹில்லில் ஒரு வீட்டு வரவேற்பறையில், தமிழே சரியாகப் பேச வராத ஒரு குழந்தையைக் கைகொட்டிச் சிரிக்க வைக்கிறது?

என் பதில் இதுதான். இந்தத் தொடர் முழுக்க அதைத்தான் சொல்லி வருகிறேன். அங்கே மாயத்துக்கு ஒரு சட்டம் இருக்கிறது. கடோத்கஜனுக்குப் பசி. முதலில் கையால் எடுத்துத் தின்கிறான். பசியின் வேகத்துக்குக் கை போதவில்லை. அதன் பிறகே பலகாரம் தானாகப் பறக்கத் தொடங்குகிறது. வித்தை முதலில் வந்து பசி பின்னால் வந்திருந்தால் அது வெறும் சர்க்கஸ். பசி முதலில் வந்ததால் லட்டு பறப்பது இயற்கையாகிவிட்டது. குழந்தைக்கு மொழி தேவைப்படவில்லை.

அந்தப் படத்தின் ஒவ்வொரு மாயத்திலும் இந்த ஒழுங்கைக் காணலாம். கம்பளம் தன் மேல் உட்கார்ந்தவரைச் சுருட்டும், வேறு எதுவும் செய்யாது. கட்டில் தன் மேல் படுத்தவரைச் சுற்றிச் சுழற்றித் தள்ளும், வேறு எதுவும் செய்யாது. எல்லாவற்றையும்விட அழகானது கண்ணன் கதாநாயகி வத்சலாவுக்குக் கொடுக்கும் ‘பிரியதர்சினி’ என்ற பெட்டி. திறந்து பார்ப்பவருக்கு எது உயிரோ, அது அதில் தெரியும். வத்சலா திறந்தால் அபிமன்யு. மூடியில் தெரியும் உருவத்தைத் தனியாக எடுத்துச் சேர்க்க வேண்டிய தந்திரக் காட்சிதான் அது. ஆனால் பார்ப்பவர் மனம் தந்திரத்தின் பக்கம் போவதே இல்லை. அடுத்தவர் அதைத் திறந்தால் என்ன தெரியும் என்ற ஆவலில் சிக்கிக்கொள்கிறது. ஒரே ஒரு சட்டம், அதற்குள் எத்தனை மனிதர்களின் ரகசியம்!

கே.வி. ரெட்டி படப்பிடிப்புக்கு முன்பே ஒவ்வொரு காட்சியின் நீளத்தையும் ஒத்திகையில் ஸ்டாப்வாட்ச் வைத்துக் கணக்கிட்டு முடித்துவிடுவார் என்று அவரிடம் உதவியாளராக இருந்த சிங்கீதம் சீனிவாச ராவ் பல இடங்களில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தக் கண்டிப்புதான் பார்ட்லிக்குக் கிடைத்த பெரிய கருவி. எத்தனை விநாடிக்குள் மாயம் தொடங்கி முடிய வேண்டும் என்று தெரிந்தால்தான் அட்டையை எங்கே வெட்டுவது, பிலிமை எவ்வளவு பின்னால் சுற்றுவது என்று தீர்மானிக்க முடியும். துவாரகை நகரைக் காட்ட 50-க்கு 60 அடி இடத்தில் சுமார் 300 குட்டி வீடுகள் கட்டி அவற்றுக்குள் விளக்கும் போட்டார்கள். அந்தப் பள்ளியில் படித்த சிங்கீதம்தான் முப்பது ஆண்டுகள் கழித்து ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தில் கமல்ஹாசனைக் குள்ள அப்புவாக நடமாட விட்டார். அந்த வம்சாவளியை இன்னொரு வாரம் விரிவாகச் சொல்கிறேன்.

‘மாயா பஜார்’ படத்தின் ஆகச் சிறந்த மாயக் காட்சிக்கு அட்டையும் வேண்டியிருக்கவில்லை, நூலும் வேண்டியிருக்கவில்லை. கடோத்கஜன் வத்சலாவாக உருமாறிக் கல்யாண மேடைக்கு வருகிறான். திரையில் இருப்பது வத்சலாவாக நடித்த சாவித்திரி, அதே புடவை, அதே நகை. ஆனால் நடை மாறியிருக்கிறது, தோள் விறைத்திருக்கிறது, சிரிப்பில் ஒரு ராட்சசன் எட்டிப் பார்க்கிறான். மேடையில் மாப்பிள்ளையின் காலை மிதிக்கும்போது அந்தப் பாதத்துக்கு எத்தனை மடங்கு எடை என்று நமக்கே வலிக்கிறது. மாயத்துக்கு எடையைக் கொடுத்தது ஒரு நடிகையின் உடல். இன்று கோடிக்கணக்கில் செலவழித்துக் கிராஃபிக்ஸ் செய்பவர்கள் ஒரு நாளாவது இந்தக் காட்சியை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது அந்தப் ‘பிரியதர்சினி’ப் பெட்டிக்கு வருவோம். 1957-இல் வத்சலா ஒரு பெட்டியைத் திறந்து, தொலைவில் இருக்கும் காதலன் அசைவதையும் பேசுவதையும் கண்டாள். அதற்குச் சில மாதங்களுக்கு முன், 1956 செப்டம்பர் 16 அன்று, சிட்னியில் அப்படியொரு பெட்டி, தொலைக்காட்சி, நிஜமாகவே வீடுகளுக்குள் ஒளிரத் தொடங்கியிருந்தது. இருட்டு அரங்கில், பெரிய திரையில், ஒரு முறை மட்டும் பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட மாயம் இந்தச் சின்னப் பெட்டிக்குள் பிழைக்குமா?

* * *

சிட்னியையும் இந்தியாவையும் திரை மாயம் இணைப்பது இது முதல் முறை அல்ல. மூன்றாம் அத்தியாயத்தில் வந்த மாரியஸ் செஸ்தியேயை நினைவிருக்கிறதா? லூமியேர் சகோதரர்களின் ஆளாக வந்து 1896 ஜூலை 7 அன்று பம்பாய் வாட்சன் ஹோட்டலில் இந்தியாவின் முதல் சினிமாக் காட்சியை நடத்தியவர். அதே மனிதர் அங்கிருந்து கப்பலேறி, அதே ஆண்டு செப்டம்பர் கடைசியில் சிட்னி பிட் தெருவில் ‘சலோன் லூமியேர்’ என்று கொட்டகை திறந்தார். ஆனால் அவருக்கு ஒரு மாதம் முந்திக்கொண்டார் இன்னொருவர். ஆகஸ்டில் மெல்பர்ன் ஓபரா ஹவுஸ் மேடையில் ஆஸ்திரேலியாவில் முதன்முதலாகத் திரையில் அசையும் படத்தைக் காட்டிய கார்ல் ஹெர்ட்ஸ், தொழிலால் மந்திரவாதி. கூண்டோடு பறவையை மறைய வைப்பதில் பேர் போனவர். மறைந்த பறவை, தோன்றிய பெண், அதற்கடுத்து ஒரு சினிமாத் துண்டு; மக்களுக்கு அது இன்னொரு மாய வித்தையாகவே அறிமுகமானது. நம் பக்கத்தில் தாதாசாகேப் பால்கேவும் படமெடுக்க வருவதற்கு முன் மேடையில் மாஜிக் செய்தவர். தன் பெயரையே திருப்பிப் போட்டு ‘புரொஃபசர் கெல்ஃபா’ என்று வைத்துக்கொண்டவர்.

மேடை மந்திரவாதிக்குத் தெரிந்த பாடம் ஒன்று உண்டு. ஒரே வித்தையை ஒரே கூட்டத்துக்கு மறுநாளும் காட்டாதே. தொலைக்காட்சிக்கு அந்தப் பாடம் பொருந்தாது. அதே வீடு, அதே கண்கள், ஒவ்வொரு வாரமும். அந்த வித்தையைத்தான் திரும்பத் திரும்பக் காட்டியாக வேண்டும்.

டில்லியில் 1959 செப்டம்பர் 15-லும் சென்னையில் 1975 ஆகஸ்ட் 15-லும் தொலைக்காட்சி வந்தது. மாயத்துக்கு அங்கே உண்மையான சோதனை வர இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. 1987 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை காலை. ராமானந்த் சாகரின் ‘ராமாயணம்’. அதற்கு முன்பே ‘விக்ரம் அவுர் பேதாள்’ தொடரில் வேதாளத்தைப் பறக்க விட்டுப் பழகிய குடும்பம் அது. 78 பகுதிகள். இந்தி தெரியாத தமிழ்நாட்டுத் தெருக்களிலும் அந்த நேரத்தில் ஆள் நடமாட்டம் குறைந்தது. எங்கள் தலைமுறைக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

இன்று அந்தத் தொடரின் அம்புகளைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அவர்களோடு சேர மாட்டேன். இரண்டு அம்புகள் எதிரெதிரே மெல்ல மிதந்து வருகின்றன, நடுவானில் மூக்கோடு மூக்கு முட்டுகின்றன, ஒன்று அணைகிறது. வரைகலை எளியது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சட்டம் எவ்வளவு திடமானது என்று கவனியுங்கள். அக்னி அஸ்திரம் வந்தால் அதற்குப் பதில் வருண அஸ்திரம். நாக அஸ்திரம் வந்தால் கருடன் வந்தாக வேண்டும். ஒவ்வொன்றையும் ஏவ ஒரு மந்திரம், அதைச் சொல்ல ஒரு கணம் கண்மூடல், அதைத் தாங்கத் தவம் செய்து பெற்ற வரம். வில்லை வளைக்கும் கையில் விலை கொடுத்த களைப்பு தெரியும். அம்பு மெதுவாக வருவதற்கும் காரணம் இருக்கிறது: எதிரி என்ன பதில் அஸ்திரம் எடுப்பான் என்று வீட்டில் பாட்டி முதல் பேரன் வரை யோசிக்க அந்த நேரம் தேவை. பார்ப்பவர்களும் போரில் இருந்தார்கள்.

பின்னாளில் வந்த எத்தனையோ புராணத் தொடர்களில் கைதட்டினால் நீல ஒளி, கை நீட்டினால் சிவப்பு ஒளி, கோபம் வந்தால் இரண்டும். எந்த அஸ்திரம் எதை வெல்லும், ஏவியவர் எதை இழந்தார் என்று எவரும் சொல்வதில்லை. அம்புகளுக்கு வேகமும் பளபளப்பும் கூடின. வீட்டில் யாரும் பதில் அஸ்திரத்தை யோசிப்பதில்லை. இதை எழுதும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளாகக் கதைசொல்லிகள் செதுக்கி வைத்த சட்டம் நம் கையில் இருந்தது. அதை நாமே கைநழுவ விட்டோம்.

ராமாயணத்துக்குச் சட்டம் இதிகாசத்திலிருந்து வந்தது. இதிகாசம் இல்லாத இடத்தில், எல்லாவற்றையும் புதிதாகக் கற்பனை செய்யும் ஒரு தொடரில், மாயத்தின் சட்டத்தை யார் எழுதுவது? அந்தக் கேள்விக்கு விடை நான் குடியிருக்கும் இந்தச் சிட்னியில் 1995-இல் கிடைத்தது.

* * *

குவேக்கர்ஸ் ஹில் நிலையத்து மேடையில் மேற்கே பார்த்து நின்றால், வானம் தெளிந்த நாளில் தொலைவில் ஒரு நீலக் கோடு தெரியும். ப்ளூ மவுண்டன்ஸ். சிட்னியில் வளரும் எந்தப் பிள்ளையும் பள்ளிச் சுற்றுலாவாக ஒரு தடவையாவது போய்வந்திருக்கும் மலை. ‘ஸ்பெல்பைண்டர்’ தொடங்குவது அங்கேதான்.

ஃபிலிம் ஆஸ்திரேலியா நிறுவனமும் போலந்துத் தொலைக்காட்சியும் சேர்ந்து எடுத்த சிறுவர் மாயத் தொடர் அது, 26 பகுதிகள். எழுதியவர்கள் மார்க் ஷிரெஃப்ஸ், ஜான் தாம்சன். இயக்கம் நோயல் பிரைஸ். பால் என்ற சிட்னி மாணவன் மலைக்குச் சுற்றுலா போன இடத்தில் தவறி வேறோர் உலகத்துக்குள் விழுகிறான். மரமும் மலையும் அதே மாதிரி. மனிதர்கள் வேறு மாதிரி. அங்கே குதிரை, மண் வீடு, விறகடுப்பு. ஊரை ஆள்பவர்கள் ‘ஸ்பெல்பைண்டர்கள்’. அவர்கள் கை நீட்டினால் மின்னல் பாய்கிறது. அவர்களுடைய கப்பல் வானத்தில் மிதக்கிறது. மக்கள் மண்டியிடுகிறார்கள்.

பால் மட்டும் மண்டியிடவில்லை. அவனுக்குத் தெரிந்துவிடுகிறது: இது மந்திரம் இல்லை, மின்சாரம்.

ஷிரெஃப்ஸும் தாம்சனும் எழுதிய சட்டம் இவ்வளவுதான். மின்னல் கையிலிருந்து வருவதில்லை. உடம்பில் மாட்டியிருக்கும் கவச உடையிலிருந்து வருகிறது. உடை இருந்தால் ஆண்டவன், கழற்றினால் நம்மைப் போல ஓர் ஆள். உடையைத் திருடலாம். உடையைச் செய்யக் கற்றுக்கொள்ளலாம். எனவே அதை எப்படிச் செய்வது என்ற அறிவை மக்களிடமிருந்து மறைத்தாக வேண்டும். பாருங்கள், கிராஃபிக்ஸ் துறைக்கான குறிப்பு போலத் தொடங்கிய ஒன்று ஒரு சமூகத்தின் முழு அரசியலாக விரிந்துவிட்டது. ஒவ்வொரு முறை மின்னல் வெடிக்கும்போதும் பார்க்கும் பிள்ளையின் மனத்தில் இரண்டு எண்ணம்: எவ்வளவு பயங்கரம் என்பது ஒன்று, நாமும் அந்த உடையை மாட்டினால் என்ன என்பது இன்னொன்று.

வேறொரு தற்செயலையும் இங்கே குறிக்காமல் போக மனம் வரவில்லை. எங்கள் குவேக்கர்ஸ் ஹில்லில் ‘நிரிம்பா’ என்ற கடற்படைத் தளம் இருந்தது. 1956 முதல் கடற்படையின் இளம் தொழில் பயிற்சியாளர்கள் வேலிக்குள்ளே தொழில்நுட்பம் படித்தது அங்கேதான். 1994-இல் தளம் மூடப்பட்டது. இன்று அதே நிலம் கல்வி வளாகம். ஊர்ப் பிள்ளைகள் யாரும் உள்ளே போய்ப் படிக்கலாம். அடைத்து வைத்த அறிவின் கதையைச் சொன்ன தொடர், அந்தத் தளம் மூடப்பட்ட மறு ஆண்டு ஒளிபரப்பானது.

சரி, மின்னலைத் திரையில் எப்படிச் செய்வது? அந்தக் காலத் தொலைக்காட்சித் தொழிலின் நடைமுறையைக் கொஞ்சம் விளக்குகிறேன். மாயத் தொடர்களைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் இல்லை.

மின்னலை வரைவது கடைசி வேலை. முதல் வேலை வெளிச்சம். நிஜ மின்னல் பாய்ந்தால் சுவர், மரம், முகம், கண்மணி எல்லாமே ஒரு கணம் வெளுத்துப் போகும். ஆகவே படப்பிடிப்பிலேயே, நடிகை கை நீட்டும் அதே நொடியில், கேமராவுக்குத் தெரியாத இடத்திலிருந்து சக்திவாய்ந்த விளக்கு ஒன்றைப் பளிச்சென்று அடித்து அணைக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, பிறகு மேசையில் உட்கார்ந்து எவ்வளவு அழகான மின்னலை வரைந்து ஒட்டினாலும் அது கண்ணாடி மேல் கீறிய கோடாகத்தான் நிற்கும். நம் கண் மின்னலை நம்பிப் பார்ப்பதில்லை. மின்னல் பட்ட முகத்தைப் பார்த்து மின்னலை நம்புகிறது.

இரண்டாவது, உடல். எறிபவருக்குப் பின்னுதைப்பு வேண்டும். தோள் ஓர் அங்குலம் பின்வாங்க வேண்டும். வாங்குபவர் விழும் திசை, மின்னல் பின்னால் வரையப்படப் போகும் திசையோடு ஒத்துப்போக வேண்டும். படப்பிடிப்பு நாளில் அங்கே எதுவுமே இல்லை, வெறும் காற்று. அந்தக் காற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டும், எல்லாரும் ஒரே உயரத்தில், ஒரே இடத்தில். தரை வெடிக்க வேண்டுமானால் சிறு வெடிமருந்தைப் புதைத்து நிஜமாகவே வெடிக்க வைப்பார்கள். புழுதி நிஜம், அலறல் நிஜம், நடுவில் ஓடும் கோடு மட்டும் பொய்.

மூன்றாவதுதான் அந்தக் கோடு. ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் ஒரு விநாடிக்கு 25 சட்டம், அதாவது ஃப்ரேம். மின்னல் ஐந்தாறு சட்டங்களுக்கு மேல் நிற்கக் கூடாது, நின்றால் கயிறாகிவிடும். ஒவ்வொரு சட்டத்திலும் அதன் வளைவு வேறாக இருக்க வேண்டும். ஒரே வடிவம் இரண்டு சட்டத்தில் தங்கினால் கண் அதைப் பிடித்துவிடும். நடுத்தண்டு வெள்ளை, ஓரத்தில் மட்டுமே நிறம். முழுக்க நிறம் தீட்டினால் அது பெயின்ட். ஒரு பகுதிக்குப் பத்து மின்னல் என்றால் ஐம்பது அறுபது சட்டங்களைத் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும். அடுத்த வாரப் பகுதி வரிசையில் காத்திருக்கும். எனவே எழுத்தாளரும் சிக்கனமாக இருந்தாக வேண்டும். மின்னலை எப்போதாவதுதான் எறியலாம். அது தொடருக்கே நல்லதாய்ப் போனது. எறிவேன் என்று உயர்த்திய கையே பாதி நாடகத்தைச் செய்துவிட்டது. அந்த உயர்த்திய கைக்குப் பணச் செலவு கிடையாது.

அந்தக் கையின் பெயர் அஷ்கா. நடித்தவர் ஹெதர் மிட்செல், ஆஸ்திரேலிய மேடையின் பெரும் நடிகைகளில் ஒருவர். சாவித்திரியிடம் கண்ட அதே பாடத்தை இவரிடமும் கண்டேன். மின்னலை எறிந்த பிறகு அவர் தன் கையைப் பார்ப்பதே இல்லை. சாதாரண நடிகர் பார்ப்பார். தான் செய்ததைத் தானே வியப்பார். அஷ்காவுக்கு அது பழகிப்போன அதிகாரம். விழுந்தவன் எழுகிறானா என்பதில் மட்டுமே அவள் கண். அந்த ஒரு தீர்மானத்தால் தொடரின் மின்னல் எல்லாமே பல மடங்கு கனத்தன.

தொடரின் நடுவே எழுத்தாளர்கள் தங்கள் சட்டத்தையே நெருப்பில் இட்டுப் பார்த்தார்கள். அஷ்கா பாலின் உலகத்துக்கு, அதாவது சிட்னிக்கே, வந்துவிடுகிறாள்.

யோசித்துப் பாருங்கள். மின்சாரத்தை மட்டுமே வைத்துக் கடவுளாக இருந்தவள், ஒவ்வொரு சுவரிலும் மின்சாரம் ஓடும் ஊரில் வந்து நிற்கிறாள். சுவிட்சைத் தட்டுகிற சிறுவன்கூட இங்கே ஸ்பெல்பைண்டர். அவளைப் பார்த்து யாரும் மண்டியிடவில்லை. தெருவிளக்கும் கார் வெளிச்சமும் கடைப் பலகையும் மினுங்கும் தெருவில் அவளுடைய மின்னல் எடுபடுமா? காட்சி வடிவமைப்பாளருக்கு இது கடினமான கணக்கு. இருட்டுக் காட்டில் ஒரு தீப்பொறி போதும். நகரத்தில் ஆயிரம் விளக்குக்கு நடுவே அது தொலைந்துபோகும். மாயத்தைப் பெரிதாக்கி, நிறம் கூட்டி, சத்தம் கூட்டித் தப்பிக்கலாம். பெரும்பாலானவர்கள் அதைத்தான் செய்வார்கள்.

ஷிரெஃப்ஸும் தாம்சனும் சட்டத்தை மீறவில்லை. அஷ்காவைப் பயங்கரமாக்கியது இந்த ஊரின் மின்னல் அல்ல, இந்த ஊரின் அறிவு. இங்கே எல்லாரும் எல்லாவற்றையும் கற்றுத் தருகிறார்கள் என்று கண்டுகொள்கிறாள். வேண்டியதைக் கற்று, வேண்டியதைச் செய்வித்துக்கொண்டு, தன் உலகத்துக்குத் திரும்பினால்? மறைத்து வைத்த அறிவால் அங்கே கொடுமை நடந்தது. திறந்து வைத்த அறிவு தவறான கைக்குப் போனால் என்ன நடக்கும் என்ற கேள்வியைப் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் முன் வைத்துவிட்டார்கள். மாயக் காட்சிகள் கதைக்கு அலங்காரமாக இல்லாமல் கதையின் எலும்பாக நின்ற தொடர் என்று இதைத் தயங்காமல் சொல்வேன். 1997-இல் சீனாவையும் சேர்த்துக்கொண்டு இரண்டாவது ‘ஸ்பெல்பைண்டர்’ வந்தது. முதலாவதன் இறுக்கம் அதில் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தப் பாடம் காலாவதியாகவில்லை என்பதற்கு ஓர் உதாரணம் மட்டும். 2021-இல் வந்த ‘தி வீல் ஆஃப் டைம்’ தொடரில் மாயம் என்பது காற்றில் நெய்யும் வெண்ணிற இழை. பெண்கள் நெய்தால் தூய வெண்மை. ஆண்கள் தொட்டால் அதில் கறுப்பு படரும், ஏனெனில் அந்தச் சக்தியின் ஆண்பாதி நஞ்சேறியது, தொட்டவன் மெல்லப் பைத்தியமாவான். ஒரு வசனமும் இல்லாமல் ஓர் இழையின் நிறத்தில் அந்த உலகத்தின் சாபம் முழுவதும் வந்துவிடுகிறது. கம்ப்யூட்டர் மாறியிருக்கிறது. கடோத்கஜனின் பசி மாறவில்லை.

* * *

‘ஸ்பெல்பைண்டர்’ ஒளிபரப்பாகி மூன்றே ஆண்டு. சிட்னி மூர் பார்க்கில் ஈஸ்டர் ஷோ நடந்து வந்த பழைய மைதானம் ஃபாக்ஸ் ஸ்டூடியோவாக மாறியிருந்தது. 1998-இல் அங்கே ஓர் அமெரிக்கப் படம் எடுக்க வந்தார்கள். நாம் பார்ப்பது, தொடுவது, உண்பது எல்லாமே மாயை என்று சொல்லும் படம். நம் ஊரில் பல நூற்றாண்டாகப் பேசப்படும் விஷயம்தான். ஆனால் அதைத் திரையில் காட்டுவது எப்படி? மாயைக்கு உருவம் என்ன? நிறம் என்ன? மாயையைப் பின்னிய எழுத்துகள் கண்ணுக்குத் தெரிந்தால் அவை எந்த மொழியில் இருக்கும்?

அந்தக் கேள்வி வந்து நின்றது சிட்னிக்காரர்களின் மேசையில். ஜாரே நல்பாண்டியனும் கிறிஸ் காட்ஃப்ரேயும் 1991-இல் தொடங்கிய ‘அனிமல் லாஜிக்’ நிறுவனம். அங்கே வடிவமைப்பாளராக இருந்தவர் சைமன் வைட்லி. ஏற்கெனவே செய்து பார்த்த வடிவம் இயக்குநர்களுக்குப் பிடிக்கவில்லை. அதில் பழமை போதவில்லை என்று நினைத்தார்கள். பழமையாக வேண்டும், ஜப்பானியச் சாயல் வேண்டும்.

வைட்லியின் மனைவி ஜப்பானைச் சேர்ந்தவர். வைட்லி வீட்டுக்குப் போனார். அலமாரியில் இருந்த மனைவியின் ஜப்பானியச் சமையல் புத்தகம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். அடுத்த ஆண்டு உலகம் முழுவதும் திரையில் பச்சை நிறத்தில் மழையாகக் கொட்டப் போவது அந்தப் பக்கத்தில் அச்சாகியிருந்தது.

ஆனால் எழுத்துகளைப் படியெடுத்து ஓட விட்டபோது, அவை இடமிருந்து வலமாக ஓடின. உயிரே இல்லை. வைட்லி புத்தகத்தை மறுபடி கையில் எடுத்தார்...

(தொடரும்)